ஒரு கை குடுங்க

மார்ச் 6, வியாழன்.

ஒரு திருத்தம். இன்று சிறைக் கிடங்குப் பதிவேட்டில் பதினொரு நாற்காலிகளைத் திருப்பி ஒப்படைத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது தவறு. எடுத்தது பன்னிரண்டு. கதவோரம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை எண்ணவில்லை. வார்டர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு அடித்துத் திருத்தினேன். இனிமேல் வட்டத்தில் இருப்பதை மட்டும் எண்ணாமல் எல்லா நாற்காலிகளையும் எண்ண வேண்டும்.

எழுதி முடித்து, அளவுகோலை வைத்து அடியில் ஒரு கோடு போட்டாள். அன்று நடந்ததில் இந்த நாற்காலிக் கணக்கு ஒரு மூலைக்குக்கூடக் காணாது என்பது அவளுக்குத் தெரியும். பெரியதை எழுதக் கை வராமல் சின்னதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு சுத்தமாகத் திருத்துகிறோமே என்று கூச்சமாக இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, திறந்த நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃபிரேமில் பொருத்த வேண்டும், காதுப் பக்கத்துக் கம்பியைச் சூடாக்கி வளைக்க வேண்டும், மணல் மாதிரி இருக்கும் திருகாணிகளைத் தரையில் தவறவிட்டு மண்டியிட்டுத் தேட வேண்டும். சாயங்காலம் ஆறரைக்கு மனநல ஆலோசகர் சான்றிதழ் வகுப்பு. அந்த வகுப்பில் சேர்ந்தவர்கள் எல்லாரும் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். பக்கத்துக்கு மூன்று கட்டம்: நடந்தது, தோன்றியது, நாளைய வேலை. மற்றவர்கள் நோட்டைக் கொடுக்க வேண்டிய அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு மாதத்தை ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிடுவார்கள். இவள் அன்றன்றைக்கே எழுதுவாள். மறுநாள் எடுத்துப் படிப்பாள். இது நிஜமாகவே எனக்குத் தோன்றியதா, தோன்றியிருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியதா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவாள். நோட்டின் பாதிப் பக்கங்களில் ஓரம் முழுக்கக் கொக்கி கொக்கியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சான்றிதழ் கையில் வர நாற்பது மணி நேரம் வெளிவேலை செய்திருக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தது சிறை. வியாழக்கிழமை கடையும் விடுமுறை, சாயங்கால வகுப்பும் கிடையாது என்பதால் அந்த நாள் ஒத்துவந்தது. வாரம் நாலு மணி நேரம், பத்து வாரம்.

சிறைக்குள் ஒருகாலத்தில் தையல் கூடமாக இருந்த அறை அது. மிஷின்களை எடுத்துவிட்டார்கள். அவற்றைத் தரையோடு இறுக்கியிருந்த இடத்தில் நாலு நாலாக ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அந்த ஓட்டைகளுக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒன்பது கைதிகள் உட்காருவார்கள். பத்தாவது நாற்காலி வட்டத்தை நடத்துகிற பெண்ணுக்கு. இவளைவிட எட்டு வயதுதான் பெரியவள், எந்நேரமும் தொண்டை கட்டியவள், வாயில் ஒரு மாத்திரை அடக்கியபடியே பேசுகிறவள். அவளை எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டார்கள். பதினோராவது நாற்காலி காலியாக இருக்கும். அது, அந்த ஒன்பது பேர் யாருக்குத் தீங்கு செய்தார்களோ அவர்களுடைய நாற்காலி. தண்டனையைக் கழித்துவிட்டு வெளியே போகிற எத்தனையோ பேருக்குத் தங்களால் அடிபட்டவர் அதற்குப் பிறகு எப்படி எழுந்தார், எப்படி நடந்தார் என்று தெரியவே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வட்டம். ஒவ்வொருவரும் தாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும், பிறகு அந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். கடிதத்தைப் படித்தவர் சம்மதித்தால் பத்தாவது வாரம் வந்து அந்த நாற்காலியில் உட்காருவார். சம்மதிக்காவிட்டால் அது காலியாகவே இருக்கும்.

பேசுவதற்கு ஒரு மரக்கரண்டி வைத்திருந்தார்கள். சிறைச் சமையலறையில் கழித்துப் போட்டது, நுனி கருகியது. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். கைதிகளில் மெக்கானிக் என்று எல்லாரும் கூப்பிடுகிறவன் முதல் வாரமே கேட்டுவிட்டான்.

"அக்கா, கரண்டி வந்துருச்சு. சாப்பாடு எப்ப வரும்?"

இன்னொரு விதியும் உண்டு. செய்ததைச் சொல்லும்போது "ஆனா" என்று இழுக்கக் கூடாது. அடிச்சேன், ஆனா அவன்தான் முதல்ல திட்டினான். எடுத்தேன், ஆனா வீட்ல கஷ்டம். யாராவது "ஆனா" என்றால் மற்ற எல்லாரும் காலால் தரையில் இரண்டு முறை தட்டுவார்கள். திட்டும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. டக் டக் என்று அந்தச் சத்தம் மட்டும். சொல்கிறவர் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பன்னிரண்டாவது நாற்காலி இவளுடையது. வட்டத்துக்கு வெளியே, கதவோரம். பேச்சைக் குறித்துக்கொள்வதும், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் வேலை. அதனால் அவளுக்கு ரைட்டர் என்று பெயர் வைத்தார்கள். சத்தமே இல்லாமல் நடப்பதால் பூனை என்று பெயர் வாங்கியிருந்த பழைய திருடன்தான் வைத்தது.

"ஸ்டேஷன்ல நாங்க பாக்காத ரைட்டரா! நாங்க ஒண்ணு சொல்லுவோம், அவரு ஒண்ணு எழுதுவாரு. கடைசில கையெழுத்து மட்டும் எங்களுது. நீங்களாவது சொன்னதை எழுதுங்க ரைட்டரம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அன்றைய பக்கத்தில் "என்னை ஏற்றுக்கொண்டார்கள் என்று தோன்றியது" என்று எழுதி, ஓரத்தில் கேள்விக்குறி போட்டாள்.

ஐந்தாவது வாரம் பெயிண்டருக்குக் கடிதம் எழுதும் முறை வந்தது. ஐம்பது வயது இருக்கும். எழுதப் படிக்க வராது, கையெழுத்து மட்டும் போடுவார். எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். "பட்டி பூசிச் சமன் பண்ணாமலே அடிச்சிருக்கானுங்க, ரெண்டு மழைக்குத் தாங்காது" என்பார். கடிதம் சொல்வது தனியாக நடக்கும். மற்றவர்கள் காதில் விழாது. ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு உட்கார்ந்தார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அவள் எழுதிக்கொண்டே போனாள்.

மாடி வைத்த ஒரு வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா அங்கே தனியாக இருந்தார். பெயிண்டர் அந்த வீட்டில் இருபது நாள் வேலை பார்த்தார். பீரோவை நகர்த்த வேண்டும், கட்டிலைத் தள்ள வேண்டும் என்றால் அந்த அம்மா உள்ளிருந்து குரல் கொடுப்பார்: "பெயிண்டர், ஒரு கை குடுங்க." இவர் தூரிகையை டப்பா மேல் வைத்துவிட்டு ஓடுவார். இருபது நாளில் சாவி எங்கே தொங்குகிறது, நகைப்பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது, புதன்கிழமை மத்தியானம் அந்த அம்மா எங்கே போவார் என்று எல்லாம் தெரிந்துபோயிற்று. வேலை முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை போனார். அன்றைக்கு அந்த அம்மா எங்கேயும் போகவில்லை. பெட்டியோடு இறங்கும்போது மாடிப்படியில் எதிரே வந்தார். இவர் தோளால் தள்ளிவிட்டு இறங்கினார். அந்த அம்மா ஏழாவது படியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சாயங்காலம் தம்பி வந்து பார்க்கிறவரை நாலு மணி நேரம் அப்படியே கிடந்தார்.

"இதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்" என்றார் பெயிண்டர். "தெரியாதது ஒண்ணு இருக்கு. அதை எழுதுங்க. நான் வாசல் வரைக்கும் வந்துட்டேன். பின்னாடி கூப்பிட்டாங்க. திருடன்னு கத்தல. 'பெயிண்டர், ஒரு கை குடுங்க'ன்னாங்க. பீரோவை நகத்தக் கூப்பிடுவாங்களே, அதே குரல். கால் தானா திரும்புச்சு. அப்புறம் போய்ட்டேன். கோர்ட்ல கேட்டாங்க. வக்கீல் சொல்லிக் குடுத்த மாதிரி, எனக்கு ஒண்ணும் கேக்கலன்னேன். பொய். கேட்டுச்சு. கேட்டும் போனேன். இதை எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

எழுதினாள். விதிப்படி திருப்பிப் படித்துக் காட்டினாள். அவர் தலையாட்டினார். படி எடுக்க மேலே இடம் விட்டு, ஒரு வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். வரி வரியாகச் சரிபார்க்க நேரமில்லை என்பதால் எல்லாக் கடிதங்களையும் அப்படித்தான் செய்தாள். நோட்டில் எழுதியதை வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல கையெழுத்தில் படி எடுத்துக் கொடுப்பாள்.

வீட்டில் மேஜை விளக்கைப் போட்டு உட்கார்ந்தபோதுதான் அந்த வரி தடுத்தது. கேட்டுச்சு. கேட்டும் போனேன். வாக்கர் பிடித்து நடக்கிற ஒரு வயதான அம்மா தனியாக உட்கார்ந்து இதைப் படிப்பதை நினைத்துப் பார்த்தாள். படித்து முடித்த கையோடு மறுபடி ஏழாவது படியிலிருந்து விழுவது மாதிரி இருக்காதா? பெயிண்டரைப் பற்றியும் நினைத்தாள். கல்நெஞ்சக்காரன் என்று தோன்றிவிடாதா? அந்த மனுஷன் அப்படிப்பட்டவர் இல்லையே. அரை மணி நேரம் யோசித்தாள். கடைசியில் அந்த வரிகளை விட்டுவிட்டு, அந்த இடத்தில் "தங்களுக்கு நேர்ந்த துன்பத்தை எண்ணி நாள்தோறும் வருந்துகிறேன். தயவுசெய்து என்னை மன்னித்துவிடுங்கள்" என்று எழுதினாள். கையெழுத்துக்கு மேல் கச்சிதமாகப் பொருந்தியது. படித்துப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. அன்றைய பக்கத்தில் மட்டும் எந்தக் கேள்விக்குறியும் போடவில்லை.

எட்டாவது வாரம், அதாவது இன்று, அக்கா வாயிலிருந்த மாத்திரையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். "பெயிண்டர், அந்த அம்மா கடிதத்தைப் படிச்சாங்க. வர வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. அது அவங்க உரிமை. நாம எதுவும் சொல்ல முடியாது."

கரண்டி பெயிண்டர் கையில் இருந்தது. "முழுசாப் படிச்சாங்களா?"

"முழுசாப் படிச்சாங்க."

அவர் கரண்டியின் கருகிய நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "சரிதான். வக்கீல் சொன்ன மாதிரியே இருந்திருக்கணும். உண்மையைச் சொன்னா மனசு ஆறும்னீங்க. யார் மனசு ஆறுச்சு? அந்த அம்மாவ ரெண்டாந்தடவை தள்ளி விட்டதுதான் மிச்சம்."

அக்காவுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. கடிதத்தையே சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கதவோரம் உட்கார்ந்திருந்தவளுக்குப் புரிந்தது. பெயிண்டர் கரண்டியைப் பக்கத்தில் கொடுத்தார். பக்கத்தில் பூனை. போன வாரம்தான் அவன், யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அடுத்த வாரம் சொல்கிறேன், அதற்குள் மனசு மாறிவிடக் கூடாது என்று மெக்கானிக்கின் கையில் அடித்து வாக்குக் கொடுத்திருந்தான். இப்போது கரண்டியை வாங்கி, பெயிண்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு, அடுத்தவனிடம் தள்ளினான். அடுத்தவன் அதற்கடுத்தவனிடம். கரண்டி ஒரு சுற்று சும்மாவே வந்து அக்காவின் மடியில் விழுந்தது. எட்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த ஒன்பது வாய்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டதை இவள் கதவோரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். குறிப்பேட்டில் எழுத ஒன்றும் இல்லை. அந்தக் குழப்பத்தில்தான் நாற்காலியைத் தப்பாக எண்ணினாள்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா அவளருகே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

"அவங்க சொன்னதை உள்ள சொல்ல எனக்கு அனுமதி இல்ல. நீ ஃபைல் பாக்குற ஆளு, உன்கிட்ட சொல்றேன். அந்த நர்ஸம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'அழகா எழுதியிருக்காரும்மா, ஸ்கூல் பிள்ளைங்க எழுதுற லீவ் லெட்டர் மாதிரி. மன்னிப்பெல்லாம் நான் எங்க கேட்டேன்? நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டுச்சா இல்லையா, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். மூணு வருஷமா அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன். என் குரல்தான் வெளிய வரலையோ என்னமோ'ன்னு. அதைத் தவிர மத்ததெல்லாம் இதுல இருக்கு'ன்னு மடிச்சுக் குடுத்துட்டாங்க."

இவளுடைய பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அக்காவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவளுடைய அம்மாவுக்கு ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற வேலை. கடையில் நாள் முழுக்கப் போட்டது போதாது என்று வீட்டிலும் தெருக்காரர்களுக்குப் போட்டுக் கொடுப்பாள். அவள் சட்டை மடிக்கிற சத்தத்துக்கு நடுவே இவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்காமலே கேட்டாள்.

"நல்லதாத்தானடி எழுதுன? கெட்டதாவா எழுதுன?"

"அவர் சொன்னதை எழுதலம்மா."

"கசங்கினதை நேராக்குறதுதான் நம்ம வீட்டுத் தொழில். நீயும் அதைத்தான் செஞ்சிருக்க. எத்தனை மணி நேரம் முடிஞ்சிருக்கு?"

"முப்பத்திரண்டு."

"இன்னும் எட்டு. வாயை மூடிக்கிட்டு இரு, காயிதம் கைக்கு வரட்டும். நீ போய் ஒப்புக்கிட்டா உள்ள விடுவாங்களா? கைதி சொன்னதை மாத்தி எழுதினவள்னு பேர் ஆயிடும். அந்தாளுக்கு என்ன, அவன் உள்ளதான இருக்கான்."

அம்மா இன்னொரு சட்டையை விரித்து, தண்ணீர் தெளித்து, காலரிலிருந்து ஆரம்பித்தாள். பாதி முதுகு வரும்போது கை நின்றது.

"அந்தம்மா நாலு மணி நேரம் அப்படியேவா கெடந்தா?"

"ஆமாம்மா."

"கூப்பிட்டுக்கிட்டேவா?"

"தெரியல."

துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் அம்மா பெட்டியைத் தூக்கினாள். சட்டையின் முதுகில் மங்கலாக ஒரு பழுப்பு முக்கோணம் விழுந்திருந்தது. "சனியனே" என்று அதைத் திட்டினாளா, தன்னைத் திட்டிக்கொண்டாளா தெரியவில்லை. அதற்குப் பிறகு அம்மா சான்றிதழ் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்த வாரம் முழுக்கக் கடையில் திருகாணிகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கீழே விழுந்தன. மண்டியிட்டுத் தேடும்போதெல்லாம் அவள் அந்தப் படி எடுத்த இரவையே திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தாள். இரக்கம் இருந்தது, அது பொய்யில்லை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. தன் வாக்கியம் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷம். கண் கலங்கியது யாருக்காக? அந்த அம்மாவுக்காகவா, அந்த வரிக்காகவா? நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, ஓரத்தில் பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்திக் கேள்விக்குறி போட்டாள்.

மார்ச் 13, ஒன்பதாவது வாரம். சிறை வாசலில் அக்காவிடம் கேட்டாள். "இன்னைக்கு நான் வட்டத்துக்குள்ள உக்காரலாமா? ஒண்ணு சொல்லணும்."

"என்கிட்ட சொல்லேன்."

"உங்ககிட்ட சொன்னா நீங்களே சரி பண்ணிடுவீங்க அக்கா."

அக்கா பையிலிருந்து தொண்டை மாத்திரைகளை எடுத்து, தன் வாயில் ஒன்று போட்டுக்கொண்டு அவளிடமும் ஒன்று கொடுத்தாள்.

அவள் கதவோரத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனபோது பூனையும் மெக்கானிக்கும் ஒன்றும் கேட்காமல் ஆளுக்கொரு சாண் நகர்ந்து இடம் விட்டார்கள். காலி நாற்காலிக்கு நேரெதிரே அமைந்துவிட்டது. பெயிண்டர் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் கண்ணடித்து, "என்ன ரைட்டரம்மா, உங்க மேலயும் கேஸா?" என்றான்.

"ஆமாண்ணே" என்றாள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

கரண்டி அவள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. எட்டு வாரமாக அதைப் பற்றி எழுதியிருக்கிறாள், ஒரு தடவையும் தொட்டதில்லை.

"பெயிண்டர் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். வீட்டுக்குப் போய்ப் படி எடுக்கும்போது அதுல முக்கியமான வரியை எடுத்துட்டேன். அவர் சொல்லாத ஒண்ணைச் சேத்துட்டேன். அந்த அம்மாவுக்குப் போனது நான் எழுதின கடிதம். அவரோடது போகவே இல்ல. அது அவங்க மனசைக் கஷ்டப்படுத்தும்னு நெனச்சுத்தான்... நான் கெட்ட எண்ணத்துல பண்ணல, ஆனா..."

டக் டக்.

எல்லாக் கால்களும். அக்காவின் காலும். பெயிண்டரின் கால் மட்டும் அசையவில்லை. அந்தச் சத்தத்தை எத்தனையோ தடவை "கால் தட்டினார்கள்" என்று குறித்திருக்கிறாள். தரை வழியாக நாற்காலிக் கால்களில் ஏறி முதுகுத்தண்டில் வந்து அடிக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. வாயிலிருந்த மாத்திரையை விழுங்கினாள். மறுபடி ஆரம்பித்தாள்.

"வரியை எடுத்தேன். வேற வரியைச் சேத்தேன். எனக்கு அது அழகா இருக்குன்னு தோணுச்சு. போன வாரம் அவர் தன்னாலதான் அந்த அம்மா வரலன்னு சொன்னப்ப, அப்படியில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்தேன்."

கரண்டியைப் பெயிண்டரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நீட்டிய கை நடுவில் நின்றது. எவ்வளவு நேரம் என்று அவளால் பிறகு எழுத முடியவில்லை.

கடைசியில் வாங்கிக்கொண்டார். "நல்லா எழுதியிருந்தீங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அதான் பாத்தேன். தண்ணி ஊறி ஓதம் புடிச்ச சுவத்துல மேலாப்புல பெயிண்ட் அடிக்கச் சொல்லுவாங்க, பாக்க நல்லா இருக்கணும்னு. அடிச்சுக் குடுத்துட்டுப் போயிருவோம். பெத்த பொண்ணுகிட்டகூட நான் இதைச் சொல்லல. உங்ககிட்டதான் சொன்னேன். உங்களுக்கு என்னை நல்லவனாக் காட்டணும். அந்த ஆசை எனக்கே இல்லையே, உங்களுக்கு எதுக்கு?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது. கரண்டியைக் கீழே, தரையின் ஓட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டார். ஒன்பது வாரத்தில் யாரும் அதைத் தரையில் வைத்ததில்லை. வார்டர் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். எங்கோ ஒரு குழாயைத் திறந்துவிட்டார்கள்; வாளி நிறைகிற சத்தம் கேட்டது; நிறைந்து வழிகிற சத்தமும் கேட்டது.

"அந்த நோட்டு இருக்கா?" என்றார் பெயிண்டர்.

"இருக்கு."

"அதுல நான் சொன்னது இருக்கா?"

"அப்படியே இருக்கு."

"படிங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

படித்தாள். பெயிண்டர், ஒரு கை குடுங்க என்கிற இடத்தையும் விடாமல் படித்தாள். கேட்டுச்சு. கேட்டும் போனேன். முடித்தபோது யாரும் காலி நாற்காலியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லாரும் சிரமப்படுவது மாதிரி இருந்தது.

"இப்பவே எழுதுங்க" என்றார் பெயிண்டர். "இங்கயே. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமா? நானே எழுதறேன்."

"வேணாம். இவங்களே எழுதட்டும். இனிமே ஒரு எழுத்து மாத்தணும்னாலும் இவங்களுக்குக் கை நடுங்கும்."

பூனைதான் முதலில் சிரித்தான். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை, அவனும் நிறுத்திக்கொண்டான். அவள் முழங்கால் மேல் அட்டையை வைத்து எழுதினாள். பெயிண்டருக்குப் படிக்க வராது; ஆனாலும் பேனா நகர நகரக் கண் எடுக்காமல் பார்த்தார், அடுத்தவன் அடிக்கிற சுவரைப் பார்ப்பதுபோல. கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை அவளிடம் கொடுக்காமல் நேரே அக்காவிடம் கொடுத்தார். பிறகு குனிந்து தரையிலிருந்த கரண்டியை எடுத்துப் பூனையின் மடியில் வைத்தார். பூனை அதை வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தான். மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தலையைத் தூக்காமல், "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வீட்ல" என்று ஆரம்பித்தான்.

அதை அவள் குறித்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் அக்கா கோபத்தை வெளியே விட்டாள். சிறை அலுவலகத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும், அனுமதிச் சீட்டை வாங்கிக்கொள்வார்கள், திருப்பிக் கொடுப்பார்களா என்று சொல்ல முடியாது, அடுத்த வாரம் வர வேண்டாம். முப்பத்தாறு மணி நேரத்தோடு நிற்கும். பெயிண்டரின் கடிதம் அலுவலக மேஜைக்குள் இருக்கும். அந்த அம்மா இனி எந்தக் கடிதமும் வேண்டாம் என்றிருப்பதால், நடந்ததை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, அவர் கேட்டால்தான் கொடுக்க முடியும். "நான் போன்ல சொல்றேன். கோவப்படுவாங்க. படட்டும்" என்று சொல்லிவிட்டு, பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை.

ஏழு மணிக்குப் போன் வந்தது. அக்காவின் தொண்டை முழுசாகக் கட்டியிருந்தது.

"சொல்லிட்டேன். உன் வேலை இதுன்னு மட்டும் சொன்னேன், பெயிண்டர் சொன்ன வரியைச் சொல்லல, அது அவரோடது. முழுசாக் கேட்டாங்க. அப்புறம், 'அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க'ன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். சொல்லல."

"நான் மட்டுமா?"

"நீ மட்டும்தான். நாளைக்குப் பத்து மணிக்கு."

அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தாள். இவள் மேஜைக்குப் போய் நோட்டைத் திறந்தாள். நடந்தது என்ற கட்டத்தை நிரப்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. தோன்றியது என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். பிறகு அளவுகோலை வைத்துக் கோடு போட்டு, மூன்றாவது கட்டத்தில் எழுதினாள்.

நாளைய வேலை: கடையில் அரை நாள் லீவு சொல்ல வேண்டும். பத்து மணிக்கு நர்ஸம்மா வீடு. கையில் கடிதம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. அழைப்பு மணி பழுதாம். வாசலில் நின்று கூப்பிட வேண்டும். அவர் வாக்கரோடு நடந்து வந்து கதவைத் திறக்க நேரமாகும். அதுவரை அங்கேயே நிற்க வேண்டும்.